அக்காவுக்காக எழுதிய மனு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் விலங்கியல் மாணவி)

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு தமிழ்த்துறைப் பேராசிரியர் கேட்டபோது, "எனக்கு என்ன எழுதத் தெரியும் ஐயா?" என்றேன். "இதுவரை நீ எழுதியவற்றுள் மறக்க முடியாதது எது? அதைப் பற்றி எழுது" என்றார் அவர். தேர்வுத் தாள்களை விட்டுவிட்டால் நான் என் வாழ்வில் எழுதியது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு மனு. பத்தாம் வகுப்பு மாணவியாக இருந்தபோது, கோடு போட்ட தாளில் ஒன்றரைப் பக்கம், என் அக்காவுக்காக எழுதிக் கொடுத்தேன். அந்த மனுவின் கதையே இக்கட்டுரை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. அம்மா களை பறிக்கவும் கடலை பிடுங்கவும் போவார். எனக்கு முன் எங்கள் வீட்டில் படித்தவள் அக்கா ஒருத்திதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நர்சிங் டிப்ளமா படித்தாள். அதற்கு அப்பா வட்டிக்கு வாங்கிய பணம் இன்னும் முழுதாக அடையவில்லை. 2017இல் பக்கத்து நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே அவளுடைய அசல் சான்றிதழ்களை வாங்கி அலுவலகத்தில் வைத்துக்கொண்டார்கள். "இங்கே பத்திரமாக இருக்கும்" என்றார்களாம். பதினொரு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். 2021இல் அவள் சம்பளம் மாதம் 11,000 ரூபாய். அதில் இ.எஸ்.ஐ.க்கு என்று ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். அது எதற்கு என்று அவளும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, அவற்றுள் ஒன்றாக நோயாளியின் பக்கத்திலிருந்து பணி செய்பவரையும் சேர்த்தார் என்று பள்ளியில் படித்தோம். அந்த நான்காம் கூறு எங்கள் வீட்டிலிருந்து போயிருக்கிறது என்று நான் பெருமைப்பட்டதுண்டு. அந்தப் பணியாளருக்கும் ஓர் உடல் உண்டு, அந்த உடலுக்குள் இன்னோர் உயிரும் இருக்கக்கூடும் என்பதை 2021இல்தான் உணர்ந்தேன்.

உண்மை சொன்னதற்குக் கிடைத்தது

அக்காவுக்கு 2020 செப்டம்பரில், ஊரடங்குக்கு நடுவே, இருபது பேர் கூடத் திருமணம் நடந்தது. மாமா சரக்கு வண்டி ஓட்டுபவர். அடுத்த ஆண்டு சனவரி இறுதியில் அக்காவுக்கு நாள் தள்ளிப்போயிருப்பது தெரிந்தது.

அந்த மாதம் 16ஆம் நாள்தான் நம் நாட்டில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். முதல் வரிசையில் மருத்துவப் பணியாளர்கள். அக்கா பெயரும் பட்டியலில் இருந்தது. ஊசி போடுமுன், "கர்ப்பமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னாள். பெயரை அடித்துவிட்டார்கள். கர்ப்பிணிகளிடம் போதிய சோதனை நடக்கவில்லை என்பதால் அவர்களுக்குத் தடுப்பூசி இல்லை என்பது அன்றைய விதி. கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது 2021 சூலை 2ஆம் நாள். இடையில் ஏறத்தாழ ஐந்தரை மாதம். கொடுமை என்னவென்றால், இரண்டாம் அலை வந்து அடித்துப் போனது அந்த ஐந்தரை மாதத்துக்குள்தான்.

ஏப்ரலில் நோயாளிகள் கூடினார்கள். மே 10ஆம் நாள் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு வந்தது. அக்காவின் மருத்துவமனையில் மேல்மாடி முழுவதையும் கொரோனா வார்டாக மாற்றினார்கள். டியூட்டிப் பட்டியலில் அக்காவுக்கு ஏழு நாள் தொடர்ந்து இரவுப் பணி, கொரோனா வார்டில். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

முழுக்கவச உடையை ஒரு முறை போட்டால் கழற்றும்வரை தண்ணீர் குடிக்க முடியாது. சிறுநீர் கழிக்கவும் முடியாது. கர்ப்பிணிக்கு அது எத்தகைய வேதனை என்று இதைப் படிக்கும் பேராசிரியைகள் அறிவார்கள். வியர்வையில் நனைந்து, காலையில் பேருந்து இல்லாமல் மாமாவின் வண்டியில் வந்து இறங்குவாள். வீட்டுக்குள் வராமல் கொல்லையில் குளித்து, மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில் தனியாகப் படுப்பாள். அம்மா தூரத்தில் சோற்றை வைத்துவிட்டு நகர்ந்து வருவார். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சோறு வைத்துவிட்டு விலகிப் போகிற தாயின் முகத்தை நான் அப்போது பார்த்தேன்.

இரண்டாம் நாள் அக்கா நர்சிங் சூப்பிரண்டெண்டிடம் போய்க் கேட்டாள். "ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னா நான் யாரை வெச்சும்மா வார்டை நடத்தறது? முடியாதுன்னா எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார் அந்த அம்மாள். அவரை நான் இன்று குறை சொல்லவில்லை. அவரும் பத்து நாளாக வீட்டுக்குப் போகாமல் மருத்துவமனையிலேயே தங்கியிருந்தவர்தான்.

அப்பா, "வேலையே வேணாம்மா, வந்துடு" என்றார். அக்கா சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "சர்டிபிகேட்டு அங்க இருக்குப்பா. வட்டி இங்க இருக்கு."

ஒன்றரைப் பக்கம்

எங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரை நாங்கள் நர்சம்மா என்போம். அக்காவின் கர்ப்பத்தைப் பதிவு செய்தவர் அவர். அவர்தான் தொலைபேசியில், "கர்ப்பமா இருக்கற ஸ்டாஃபை கோவிட் வார்டுல போடக் கூடாதுன்னு போன வருஷமே டெல்லியில இருந்து சர்க்குலர் வந்திருக்கு. அதை எடுத்துக் காட்டச் சொல்லு" என்றார்.

எனக்கு அப்போது பத்தாம் வகுப்பு. தேர்வு இல்லாமலே தேர்ச்சி என்று அறிவித்திருந்தார்கள். பாடம் படிப்பதற்காக மாமா வாங்கித் தந்த கைப்பேசியில் அந்தச் சுற்றறிக்கையைத் தேடிக் கண்டுபிடித்தேன். மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மே 15ஆம் நாள் வெளியிட்டது. முழுவதும் ஆங்கிலம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுவதும் படித்தேன். என் வாழ்வில் நான் வாசித்த முதல் அரசு ஆவணம் அது. கருவுற்ற பணியாளர்களும், பாலூட்டும் தாய்மார்களும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் தங்கள் உடல்நிலையை மருத்துவமனை நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; அவர்களைக் கொரோனா அல்லாத பகுதிகளில் மட்டும் பணியமர்த்த வேண்டும். இதுதான் அதன் பொருள்.

அக்கா தாழ்வாரத்திலிருந்து சொல்லச் சொல்ல, நான் திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன். "பெறுநர்", "பொருள்", "மதிப்பிற்குரிய ஐயா" எல்லாம் தமிழ்ப் பாடத்தில் படித்த கடித வடிவந்தான். கடைசி வரி இது: "ஆகவே மேற்கண்ட சுற்றறிக்கையின்படி எனக்குக் கொரோனா வார்டுப் பணியிலிருந்து விலக்கு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்." அடியில் அக்கா கையொப்பமிட்டாள்.

மூன்றாம் நாள் அவளைக் கீழ்த்தளத்து அறுவைச் சிகிச்சை வார்டுக்கு மாற்றினார்கள். அன்று அம்மா கேசரி கிளறினார். என் எழுத்துக்கு ஒரு பலன் கிடைத்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த இடத்துக்குப் போனவர்

பட்டியலில் ஒரு பெயரை எடுத்தால் இன்னொரு பெயரை எழுத வேண்டும் அல்லவா? அக்காவின் இடத்தில், அவளைவிட இளையவரான இன்னொரு நர்ஸை எழுதினார்கள். திருமணமாகி ஆறு மாதம் ஆனவர். அவருக்கும் அப்போது இரண்டாம் மாதம். அது யாருக்கும் தெரியாது.

மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக் கூடாது என்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். கண் படும் என்பார்கள். அதுவும் அல்லாமல், ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அவருக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. கர்ப்பம் என்று தெரிந்தால் புதுப்பிக்க மாட்டார்களோ என்ற அச்சம் வேறு. வாயை மூடிக்கொண்டு கவச உடையைப் போட்டுக்கொண்டார்.

சூன் முதல் வாரம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. சோதனையில் தொற்று உறுதியாயிற்று. வீட்டில் தனிமையில் இருந்தபோது கரு கலைந்தது. அதற்குக் கொரோனாதான் காரணம் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. முதல் மூன்று மாதங்களில் கரு கலைவதற்குப் பல காரணங்கள் உண்டு என்பதை நான் இப்போது பாடத்தில் படிக்கிறேன். ஆயினும் அக்காவின் மனம் அந்தப் பாடத்தை ஏற்கவில்லை. "என் பேரை எடுத்துட்டுத்தானே அவ பேரை எழுதினாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குக் கேசரியின் நினைவு வந்து தொண்டையை அடைத்தது.

பதினைந்தாம் நாள் அவர் வேலைக்குத் திரும்பினார். கரு கலைந்த பெண்ணுக்கு ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு என்று 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் சொல்லியிருந்தது. இ.எஸ்.ஐ.யிலும் அந்த உரிமை உண்டு. அந்த மருத்துவமனையில் அதை அவரிடம் சொல்ல ஒருவர்கூட இல்லை. சட்டத்தின் சுருக்கத்தை அந்தந்த ஊர் மொழியில் பணியிடத்தில் எழுதி ஒட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் கட்டளையிட்டிருந்தது. ஆனால் அவர்களுடைய ஓய்வறைச் சுவரில் ஒட்டியிருந்தது காலண்டர் ஒன்றுதான்.

சட்டம் தந்ததும் தராததும்

இந்த நிகழ்ச்சிக்குப் பின்தான் நான் சட்டங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். விலங்கியல் மாணவிக்கு ஏன் இந்த வேலை என்று தோழியர் கேலி செய்வதுண்டு. உண்மையில் விலங்கியல்தான் என்னை அதில் தள்ளியது. கர்ப்ப காலத்தில் உடலின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலில் மூச்சு விட்டபின் எஞ்சும் காற்றின் அளவோ குறைகிறது. தேவை கூடி இருப்பு குறைந்த அந்த நேரத்தில் நுரையீரலைத் தாக்கும் நோய் வந்தால் என்ன ஆகும்? 1918ஆம் ஆண்டு இன்புளுயன்சாவிலும், 2009ஆம் ஆண்டு பன்றிக் காய்ச்சலிலும் கர்ப்பிணிகள் மற்றவர்களைவிடக் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். கொரோனாவிலும் அவ்வாறே நடந்தது. எனவே, இது முன்னரே எதிர்பார்த்திருக்கக்கூடிய ஒன்று.

ஆனால் சட்டம் எதை எதிர்பார்த்தது? 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை 2017இல் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்று உயர்த்தினார்கள். அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது அதிகம் போனால் 8 வாரம். கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது என்று கேட்கும் உரிமையும் பிரசவத்துக்கு முந்தைய சுமார் பத்து வாரங்களுக்குத்தான். அக்காவுக்குச் செப்டம்பரில் பிரசவம். மே மாதத்தில் அவளுக்கு இந்த இரண்டில் எதுவும் எட்டவில்லை. அதைச் செய்தவர்கள் தலைச்சுமையையும் கால்வலியையும் நினைத்தார்கள், கிருமியை நினைக்கவில்லை. கிருமியை நினைத்தது அந்தச் சுற்றறிக்கை ஒன்றுதான். அதுவும் அறிவுரையே, மீறினால் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை.

எங்களுக்குத் தெரியாமல் போன இன்னொரு வழியும் இருந்தது. இ.எஸ்.ஐ.யில் மகப்பேற்றுப் பயன் பெற, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் பங்களிப்பு இருந்தால் போதும். மார்ச்சு மாதத்துக்கு முன்பே அக்காவுக்கு அது நிறைவாகிவிட்டிருந்தது. மே மாதம் அவள் சம்பளமில்லா விடுப்பில் வீட்டிலிருந்திருந்தால், 11,000 ரூபாய் போயிருக்கும். பின்னால் வரவேண்டிய மகப்பேற்றுப் பணம் போயிருக்காது. ஒரு மாதம் நின்றால் எல்லாம் போய்விடும் என்று நாங்கள் பயந்து கிடந்தோம். அறியாமைக்கும் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அதே நேரத்தில், தமிழ்நாட்டு அரசு ஊழியரான பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 2016 முதல் ஒன்பது மாதமாக இருந்து, 2021 சூலை 1 முதல் பன்னிரண்டு மாதமாயிற்று. நர்சம்மாவுக்கு ஓர் அளவு, அக்காவுக்கு ஓர் அளவு. இருவரும் போடுவது ஒரே ஊசிதான்.

குழந்தையும் என் ஓராண்டும்

சூலையில், ஏழாம் மாதத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அக்கா தடுப்பூசி போட்டுக்கொண்டாள். செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்தது. இ.எஸ்.ஐ. பணம், பல முறை அலைந்த பின், 26 வாரத்துக்கும் வந்து சேர்ந்தது. 2022 மார்ச்சில் வேலைக்குத் திரும்பியபோது, "உன் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதிதாகச் சேர்வதாக எழுதிக் கொடு" என்றார்கள். ஐந்தாண்டு அனுபவம் ஒரு கையெழுத்தில் அழிந்தது. சம்பளம் பழைய தொடக்கச் சம்பளத்துக்கு இறங்கியது.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. அந்த மருத்துவமனையில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இருந்தார்கள், காப்பகம் இல்லை. முதலில் அம்மா வேலைக்குப் போகாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். அம்மாவின் கூலி இல்லாமல் வட்டி கட்ட முடியவில்லை. 2023இல் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, கல்லூரி விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டு, ஓராண்டு குழந்தையோடு வீட்டில் இருந்தேன். அவள் பால்வாடிக்குப் போன ஆண்டுதான் நானும் கல்லூரிக்கு வந்தேன். என் வகுப்புத் தோழியரைவிட எனக்கு ஒரு வயது ஏன் கூடுதல் என்று கேட்டவர்களுக்கு இதுவே விடை. அந்தக் குழந்தைமேல் எனக்கு வருத்தம் இல்லை. அவள் என்னைச் "சித்தி" என்று கூப்பிடுவதற்கு முன் "அம்மா" என்றுதான் கூப்பிட்டாள்.

அந்த ஆண்டில் ஒரு நாள், ஊர்ப்புற நூலகத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாளிதழ் படித்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. டில்லி அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத்தில் பணியாற்றிய டாக்டர் கவிதா யாதவ் தொடுத்த வழக்கில் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்திருந்தது. ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது என்று சொல்லி அவருக்கு 11 நாள் விடுப்பு மட்டும் தந்திருந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேற்றுப் பயன் முழுவதும் தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. 2000ஆம் ஆண்டிலேயே, டில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டாக்டர் ஒருவர் ஆறாண்டு போராடித் தெரிந்துகொண்டதை, மண்வெட்டி பிடித்த பெண்கள் அவருக்கு முன்பே வழிகாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்!

தோழியருக்கு

நம் கல்லூரியில் படிக்கும் பலர் நாளை மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் மருந்துக் கம்பெனிகளிலும் வேலைக்குப் போவோம். நம்மில் பலருக்கு வீட்டில் வழி சொல்ல ஆள் இல்லை. எனவே சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். அசல் சான்றிதழை எந்த நிறுவனத்திடமும் ஒப்படைக்காதீர்கள். இ.எஸ்.ஐ. எண்ணை முதல் மாதமே கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள். எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். ஒரு படி கையில் இருக்கட்டும். மகப்பேறு நலச் சட்டத்தின் முக்கிய விதிகள் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளன. நம் நூலகத்தில் அதன் தமிழ்ச் சுருக்கம் ஒன்று இருந்தால் நன்று என்று முதல்வர் அவர்களை இம்மலர் வாயிலாக வேண்டுகிறேன்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது ஒன்று உண்டு. அந்த மனுவை இன்று எழுதினால் கடைசி வரியை மாற்றி எழுதுவேன். "எனக்கு விலக்கு அளிக்குமாறு" என்று எழுதினேன். ஒருத்திக்கு விலக்கு கேட்டதால் இன்னொருத்தி அங்கே போனாள். சொன்னவளைக் காப்பதும் சொல்லாதவளைக் கைவிடுவதும்தான் விதி என்றால், அது பாதி விதி. காரணம் கேட்காமல் விலகிக்கொள்ள எந்தப் பெண்ணுக்கும் இடம் இருந்திருந்தால், அந்த இளைய சிஸ்டர் வாய் திறக்காமலே தப்பியிருப்பார்.

அக்கா இப்போது வேறொரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். பழைய இடத்தில் ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டித்தான் சான்றிதழ்களை மீட்டாள். இங்கே அவள் வார்டு இன்சார்ஜ். டியூட்டிப் பட்டியல் எழுதுவது அவள் பொறுப்பு. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெண்ணையும் தனியே தேநீர் அறைக்கு அழைத்துப்போய், ஒரே ஒரு கேள்வி கேட்பாளாம்: "காரணம் எதுவும் எனக்கு வேணாம்மா. எந்த வார்டு வேணாம்னு மட்டும் சொல்லு." அப்படி ஒழிகிற இடத்தில் பெரும்பாலும் தன் பெயரையே எழுதிக்கொள்கிறாள்.

அந்த இளைய சிஸ்டருக்கு சென்ற ஆண்டு ஆண் குழந்தை பிறந்தது. அக்காவும் நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பழையதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. குழந்தையை வாங்கி வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள்.